பெருமந்தத்தில் எழுந்த பள்ளிகள் – 8: மாலை 5.54

சென்ற வாரம் சிகாகோவில் நிறுத்தியிருந்தோம். மாதக்கணக்கில் சம்பளம் காணாத ஆசிரியர்கள். பணத்துக்குப் பதிலாகக் கையில் கொடுக்கப்பட்ட கடன் சீட்டுகள். அவற்றை முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ள மறுத்த கடைக்காரர்கள். 1933 பிறந்தபோது அமெரிக்காவில் இருக்கிற பள்ளியை நடத்துவதே பெரும்பாடு. புதுப் பள்ளி கட்டுவதைப் பற்றிப் பேச ஆளில்லை.

மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் அதிபரானார். மார்ச் 6 அன்று நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் மூட உத்தரவிட்டார். அந்த வாரம் பல குடும்பங்களுக்குச் சட்டைப்பையில் கிடந்த சில்லறைதான் கையிருப்பு.

அதே வாரத்து வெள்ளிக்கிழமை, மார்ச் 10. இடம், கலிபோர்னியாவின் தென்கரையில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டியிருக்கும் லாங் பீச்.

*

எண்ணெய்க் காசில் வளர்ந்த ஊர்

1921இல் லாங் பீச்சுக்குப் பக்கத்திலுள்ள சிக்னல் ஹில் குன்றில் எண்ணெய் பீறிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 55,593. 1930இல் அது 1,42,032.

பத்தே ஆண்டில் ஓர் ஊர் இரண்டரை மடங்கானால் முதலில் திணறுவது பள்ளிக்கூடம்தான். வகுப்பறை கேட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பள்ளி வாரியங்கள் கட்டிக்கொண்டே இருந்தன.

எப்படிக் கட்டினார்கள்? வெளியே கனத்த செங்கல் சுவர். உள்ளே மரச்சட்டங்கள் தாங்கும் தளங்கள். மேலே மரக்கூரை. சுவரே தூண், சுவரே அழகு. செங்கலுக்கு நடுவில் ஓர் இரும்புக் கம்பி கிடையாது. நிலம் ஆடாத ஊர்களில் நூற்றாண்டுக் கணக்காகக் கட்டிப் பழகிய முறை அது. கிழக்கு மாநிலங்களிலிருந்து குடியேறியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அந்த முறையையும் கொண்டுவந்திருந்தார்கள்.

முகப்பில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. வளைவு வாசல், அலங்காரத் தூண்கள், கூரைக்கு மேல் நீட்டி நிற்கும் கைப்பிடிச் சுவர், அதன் விளிம்பில் சுடுமண் வேலைப்பாடு, வசதிப்பட்டால் ஒரு கோபுரம். ஒரு கலிபோர்னிய ஊருக்கு அன்று கோயிலும் அரண்மனையும் பள்ளிக்கூடம்தான். ரயிலில் வந்து மனை வாங்குகிறவருக்கு ஊர்க்காரர்கள் காட்டிப் பெருமைப்பட்டதும் அதைத்தான்.

*

அணைத்துப்போட்ட எச்சரிக்கைகள்

நிலம் ஆடும் என்று கலிபோர்னியாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் சிதைந்து பிறகு தீயில் வெந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் ‘தீ விபத்து’ என்றே பேசினார்கள். தீ எந்த ஊரிலும் பிடிக்கும். நடுக்கம் என்று சொன்னால் முதலீடு வராது. 1925 ஜூன் 29 அன்று சாண்டா பார்பரா இடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்காக எழுதப்பட்ட பொதுக் கட்டட விதிகளில் நிலநடுக்கத்துக்கென்று ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது. விரும்புகிற ஊர் பின்பற்றலாம், கட்டாயமில்லை. மிகச் சில ஊர்களே விரும்பின.

ஸ்டான்ஃபோர்டு நிலவியலாளர் பெய்லி வில்லிஸ், தென் கலிபோர்னியாவுக்குப் பெரிய நடுக்கம் காத்திருக்கிறது என்று மேடைதோறும் எச்சரித்தார். அவர் நம்பியிருந்த நில அளவைக் கணக்கில் பிழை இருப்பது பிறகு தெரியவந்தது. மனை வியாபாரிகளுக்கு அது போதும். ஆளைக் கேலிப்பொருளாக்கினார்கள். வில்லிஸின் கணக்கு தவறு, பயம் சரி. ஊர் தவறை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஜான் ஃப்ரீமன் என்ற முதிய பொறியாளர் வேறு வழியில் போனார். கட்டடம் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொண்டிருக்காமல் அளந்து பார்ப்போம், அதற்குக் கருவி வையுங்கள் என்று வாஷிங்டனை விடாமல் நச்சரித்தார். 1932இல் கருவிகள் வந்தன. ஒன்று லாங் பீச்சிலேயே வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ரீமன் இறந்துபோனார். தன் கருவிகள் ஐந்தே மாதத்தில் உலகிலேயே முதன்முறையாக ஒரு வலுவான நிலநடுக்கத்தின் ஆட்டத்தை அருகிலிருந்து பதிவு செய்யப்போவது அவருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ ஆடியது காலை 5.12க்கு. சாண்டா பார்பரா ஆடியது காலை ஏழு மணிக்கு முன்னால், அதுவும் கோடை விடுமுறையில். இரண்டு முறையும் பள்ளிகள் நொறுங்கின. இரண்டு முறையும் உள்ளே பிள்ளைகள் இல்லை. ஆகவே பள்ளிகளைப் பற்றி யாரும் தனியாகக் கேள்வி கேட்கவில்லை.

*

மாலை 5.54

வெள்ளிக்கிழமை வகுப்புகள் முடிந்து மணிக்கணக்காகிவிட்டது. வீடுகளில் இரவுச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது.

5.54க்கு நியூபோர்ட்–இங்கிள்வுட் பிளவில் நிலம் நழுவியது. நடுக்கத்தின் அளவு 6.4. பெரும் நடுக்கங்களின் வரிசையில் இதற்கு இடமே இல்லை. 1906இல் வெளிப்பட்ட ஆற்றலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் மையம் ஊருக்கு மிக அருகில். ஊர் நின்றதோ ஈரம் ஊறிய வண்டல் மண்ணில்.

சில விநாடிகள்தான்.

ஏறத்தாழ 120 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் அல்லர். பயந்து வெளியே ஓடிவந்து, மேலிருந்து சரிந்த கைப்பிடிச் சுவரின் கீழ் அகப்பட்டவர்கள். அழகுக்காக வைத்த செங்கல் தெருவில் நின்றவர்களைக் கொன்றது.

துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களிலிருந்து கடற்படையினர் இறங்கிவந்து தெருக்களில் காவல் நின்றார்கள். மக்கள் பூங்காக்களில் படுத்தார்கள். வங்கிகள் எப்படியும் மூடித்தான் கிடந்தன.

(பாசடீனாவில் அந்த மாலை ஐன்ஸ்டைனும் நிலநடுக்க அறிஞர் பேனோ கூட்டன்பர்க்கும் நடந்தபடியே நிலநடுக்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். பேச்சு மும்முரத்தில் தரை ஆடியதை இருவருமே கவனிக்கவில்லை என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.)

மறுநாள் விடிந்ததும் பெற்றோர்கள் பள்ளிகளைப் போய்ப் பார்த்தார்கள்.

ஜெஃபர்சன் நடுநிலைப் பள்ளி குப்பைமேடாகக் கிடந்தது. பசிபிக் அவென்யூவிலிருந்த ஜான் மியூர் பள்ளியின் சுவர்கள் உரிந்து தெருவில் கொட்டியிருந்தன. பாலிடெக்னிக் உயர்நிலைப் பள்ளி நாசம். பக்கத்து ஊரான காம்ப்டனிலும் அதே கோலம். பிராந்தியம் முழுக்க 70 பள்ளிகள் அழிந்தன. இடிந்தவை, பலத்த சேதமடைந்தவை, இனி உள்ளே போகக் கூடாது என்று முடிவானவை எல்லாம் சேர்த்தால் 230 பள்ளிக் கட்டடங்கள்.

சுவர் போன வகுப்பறைகள் தெருவைப் பார்த்துத் திறந்து நின்றன. பெஞ்சுகளின் மேல் செங்கல் குவிந்திருந்தது.

ஒவ்வொரு தாயும் ஒரே கணக்கைப் போட்டார். மூன்றரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால்?

*

சுவருக்குள் என்ன இருந்தது?

பொறியாளர்கள் இடிபாடுகளுக்குள் இறங்கினார்கள். பள்ளிகள் மட்டும் ஏன் இப்படி விழுந்தன? ஒரே தெருவில் மரவீடுகள் விரிசலோடு தப்பியிருக்க, பள்ளிக்கூடம் தரைமட்டமாகக் கிடந்தது எப்படி?

முதல் குற்றவாளி காரை. செங்கலைக் கையால் எடுத்தால் சுத்தமாகப் பிரிந்து வந்தது. சிமென்ட் கஞ்சத்தனமாகச் சேர்த்த சுண்ணாம்புக் காரை. கொத்தனார் வேலையும் மோசம், மேற்பார்வையும் மோசம்.

இரண்டாவது, தளத்துக்கும் சுவருக்கும் உறவே இல்லை. மரச்சட்டத்தின் முனையைச் சுவரிலுள்ள குழியில் சும்மா வைத்திருந்தார்கள். எடை கீழ்நோக்கி இறங்கும்வரை அது போதும். தரை பக்கவாட்டில் ஆடியதும் சுவர் வெளியே சாய்ந்தது, சட்டம் குழியைவிட்டு நழுவியது, தளம் கீழே வந்தது.

மூன்றாவது, பள்ளிக்கூடம் என்ற கட்டடத்தின் இயல்பிலேயே இருந்தது. எனக்கு இதுதான் மிகவும் உறுத்தும் செய்தி. வகுப்பறைக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். ஜன்னல் பெரிதாக ஆகச் சுவர் ஒல்லியானது. கடைசியில் இரண்டு மாடி எடையைத் தாங்கி நின்றவை ஜன்னல்களுக்கு நடுவிலிருந்த மெல்லிய செங்கல் பட்டைகள். ஊரே கூடும் அரங்கம் வேண்டும். ஆகவே குறுக்குச் சுவரே இல்லாத ஒரு பெரிய வெற்றிடம். காற்றோட்டம் வேண்டும், ஆகவே ஒரு நடுக்கட்டடமும் அதிலிருந்து செங்குத்தாக நீளும் சிறகுகளும். நிலம் ஆடும்போது ஒவ்வொரு சிறகும் தன் போக்கில் ஆடியது. சேரும் மூலையில் கிழிந்தது.

குழந்தைகளின் நன்மைக்கென்று சேர்த்த வெளிச்சமும் காற்றும் கட்டடத்தின் எலும்பைத் தின்றிருந்தன. வெளிச்சம் கேட்டவர் மேல் தப்பில்லை. அதற்குத் தக்க எலும்பு வைக்காதவர் மேல்தான் தப்பு.

ஆனால் அந்த ‘அவர்’ யார்? வரைபடம் போட்டவரா, செங்கல் அடுக்கியவரா, பணம் குறைத்த வாரியமா? யாரையும் பிடிக்க முடியவில்லை. எந்தக் காகிதத்திலும், இது பத்திரமானது என்று யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

*

முப்பத்தோரு நாள்

இந்த ஓட்டையை அடைத்தவர் கிளெண்டேல் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் டான் ஃபீல்டு.

அவர் கொண்டுவந்த மசோதா ஏப்ரல் 10 அன்று சட்டமானது. நடுக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையே முப்பத்தோரு நாள். 1906க்குப் பிறகு இருபத்தேழு ஆண்டுகளில் நடக்காதது ஒரு மாதத்தில் நடந்தது. சட்டமன்றங்களின் வழக்கமான நடையை அறிந்தவர்களுக்கு இதன் வேகம் புரியும்.

ஃபீல்டு சட்டம் என்ன சொன்னது? இனி கலிபோர்னியாவில் பொதுப்பள்ளி கட்ட உள்ளூர் அனுமதி போதாது. தகுதி பெற்ற கட்டடக் கலைஞரோ கட்டமைப்புப் பொறியாளரோ வரைய வேண்டும். அந்த வரைபடத்தை மாநிலக் கட்டடக் கலைத் துறை சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அஸ்திவாரம் தோண்டலாம். வேலை நடக்கும் காலம் முழுவதும் ஒரு மேற்பார்வையாளர் தளத்தில் நிற்க வேண்டும். அவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது.

பிறகு வந்ததுதான் கூர்மையான பிரிவு. வரைந்தவர், கட்டியவர், மேற்பார்த்தவர் என ஒவ்வொருவரும், ஒப்புதல் பெற்ற வரைபடப்படியே வேலை நடந்திருக்கிறது என்று சத்தியப் பிரமாணத்தோடு எழுதித் தர வேண்டும். பொய் எழுதினால் அது பெருங்குற்றம், சிறை.

நிலநடுக்கச் சட்டம் என்றால் கம்பி எத்தனை, சிமென்ட் எவ்வளவு என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவற்றை விதிகளில் தனியாக எழுதினார்கள். சட்டம் நேராகப் போய்ப் பிடித்தது மனிதனின் கையெழுத்தை. என் பார்வையில் அதன் வெற்றிக்கு முழுக் காரணம் அந்த ஒரு பிரிவு.

அடுத்த சில வாரங்களில் மற்றக் கட்டடங்களுக்கும் ரைலி சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் பிடி எவ்வளவோ தளர்வானது. ஜூனில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் தலைமையிலான குழு, ஒழுங்காகக் கட்டியிருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது.

சட்டம் வந்துவிட்டது. காசு?

*

இக்கிஸின் பணப்பெட்டி

வரி வசூல் வற்றிக்கிடந்தது. பிள்ளைகள் பூங்காக்களிலும் கூடாரங்களிலும் மரக்கொட்டகைகளிலும் படித்தார்கள். வெயில் காயும் ஊர் என்பதால் பிழைத்தார்கள்.

ஜூன் 16 அன்று வாஷிங்டனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பொதுப்பணிகளுக்கென்று 330 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். பணப்பெட்டியின் சாவி உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கிஸிடம். கறாரான மனிதர்; ஊழல் என்ற பேச்சு எழுந்தாலே கோப்பை மூடிவைப்பவர். வேலைச் செலவில் 30 விழுக்காடு மானியம், மீதியைக் கடனாகப் பெறலாம் என்பது ஏற்பாடு. 1935இல் மானியம் 45 விழுக்காடானது. வேலைக்கு வருகிறவருக்கு வாரம் 30 மணி நேரம்தான். மிச்ச நேரத்துக்கு இன்னொருவருக்கு வேலை கொடுக்கலாம் என்று கணக்கு.

1939 வரையிலான ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவில் எழுந்த புதிய கல்விக் கட்டடங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தப் பெட்டியைத் தொட்டு எழுந்தவைதான். மற்ற மாநிலங்கள் அந்தப் பணத்தில் பெரும்பாலும் பழைய செங்கல் அரண்மனைகளையே திருப்பிக் கட்டின. கலிபோர்னியாவால் முடியாது. அங்கே ஃபீல்டு சட்டம் வாசலில் நின்றது.

*

நகை கழற்றிய பள்ளிகள்

கட்டடக் கலைஞர்கள் மேசைக்குத் திரும்பினார்கள். கோபுரம் போயிற்று. நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடிச் சுவர் போயிற்று. ஒட்டவைத்த சிற்பமும் சுடுமண் பூவேலையும் போயின. தளர்வாகத் தொங்கும் எதற்கும் இனி யார் கையெழுத்துப் போடுவார்?

மிஞ்சியது கம்பி கட்டிய கான்கிரீட். அச்சுப் பலகையை எடுத்தபின் மரத்தின் வரி கான்கிரீட்டில் பதிந்திருந்தால் அதுவே அலங்காரம். மூலைகளை வளைத்து, ஜன்னல்களை நீளப் பட்டையாக்கி, சுவரில் கிடைக்கோடுகள் இழுத்தார்கள். கப்பலையும் ரயிலையும் பார்த்து அன்று உலகமெங்கும் பிறந்திருந்த வேகப் பாணி அது. கலிபோர்னியப் பள்ளிகளுக்குள் அதைக் கைப்பிடித்து அழைத்துவந்ததில் நாகரிக மோகத்துக்கு இணையாக நடுக்கப் பயத்துக்கும் பங்குண்டு.

ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளிக்கு மார்ஷ், ஸ்மித், பவல் ஆகிய மூவரின் நிறுவனம் 1934–35இல் கட்டிய அறிவியல் கட்டடத்தைப் பாருங்கள்: வெறும் வெண்சுவர், வளைவு, வாசலுக்கு மேல் சுவரோடு சுவராகப் புடைத்த சிற்பம். தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி 1936இல் அலைபோல நெளியும் உருவத்தில் எழுந்தது. பிற்காலத்தில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச் 1922இல் படித்து முடித்தது இதே பள்ளியில், பழைய கட்டட நாட்களில்.

எல்லாரையும்விடத் துணிந்தவர் வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய ரிச்சர்டு நியூட்ரா. பெல் என்ற சிற்றூரில் கொரோனா அவென்யூ பள்ளிக்கு 1935இல் அவர் கட்டிய சிறகு ஒரே தளம், இலகுவான சட்டகம். ஒவ்வொரு வகுப்பறையின் ஒரு பக்கமும் முழுக்கக் கண்ணாடிக் கதவு. தள்ளினால் அந்த வகுப்புக்கே உரிய தோட்டம். எதிர்ப்பக்கம் உயரத்தில் ஜன்னல் வரிசை. தரையில் திருகி வைத்த மேசைகளை எடுத்துவிட்டு நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போட்டார்.

பத்திரிகைகள் சிரித்தன. விமானக் கொட்டகை என்றார்கள். ஆனால் கட்டமைப்புக் கண்ணோடு பாருங்கள். மாடி இல்லை, விழுவதற்கு உயரம் இல்லை. கனம் இல்லை, ஆட்டத்தின் விசை கனத்தைத்தான் பிடிக்கும். ஒவ்வோர் அறைக்கும் நேராக வெளியே போக வழி. 1933இல் கூடாரங்களில் படித்த பிள்ளைகள் பழகியிருந்த வெளிக்காற்றை நியூட்ரா கண்ணாடியால் மூடித் திறந்துவிட்டார், அவ்வளவுதான். இருபது ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் தொடக்கப் பள்ளிகள் இந்த மாதிரியில் எழுந்தன.

*

சட்டம் தொடாத கதவு

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

ஃபீல்டு சட்டம் புதிய கட்டடங்களுக்கு மட்டும். மார்ச் 10 அன்று விழாமல் நின்றுவிட்ட பள்ளிகள்? நடுக்கம் எட்டாத ஊர்களில், அதே செங்கல், அதே காரை, அதே ஒல்லிப் பட்டைகளோடு நின்ற பள்ளிகள்? அவற்றின் மணி தொடர்ந்து அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

1939இல் காரிசன் சட்டம் வந்தது: பழைய பள்ளிகளைச் சோதிக்க வேண்டும், ஆபத்து என்று தெரிந்தால் வாரியம் நடவடிக்கை எடுக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் என்று அது கெடு வைக்கவில்லை. பல வாரியங்கள் சோதனைக்கு ஆள் அனுப்பும்படி கேட்காமலே இருந்துவிட்டன. தெரிந்துகொண்டால்தானே பொறுப்பு வரும்!

1940 மே 18 அன்று எல்லையோர ஊரான எல் சென்ட்ரோ ஆடியது. அந்தப் பள்ளத்தாக்கில் பழைய பள்ளிகள் சேதமாயின. ஃபீல்டு சட்டப்படி கட்டியவை தாங்கின. அன்று சனிக்கிழமை, நேரம் இரவு எட்டரையைத் தாண்டியிருந்தது.

அதிகாலை, அதிகாலை, மாலை, இரவு. நாம் பார்த்த நான்கு முறையும் வகுப்பு நடக்கவில்லை. கலிபோர்னியாவின் பழைய பள்ளிகளை அதற்குப் பிறகும் காத்தது சட்டமா, கடிகாரமா? தான் வரி கட்டி எழுப்பிய பள்ளியை ‘இது ஆபத்து’ என்று ஓர் ஊரே முன்வந்து மூடும்படி செய்வது யார்?

அடுத்த வாரம் பார்ப்போம்.